ரேகையும் கையெழுத்தும்

எங்கள் ஆபீசில் விரல் வைத்து வருகை பதிவு செய்யும் மெஷின் வந்த புதிதில் நடந்தது இது. என்னோடு வேலை பார்க்கும் நண்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஊருக்குப் போனில் பேசும்போது, "இப்பல்லாம் விரல் வச்சாத்தான் அப்பத்தா கதவே தெறக்குது" என்று சொல்லியிருக்கிறான். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் அப்பத்தா கேட்டதாம்: "அங்கயும் ரேகை வைக்கச் சொல்லிட்டானுகளா? நீ என்னய்யா தப்புப் பண்ணுன?"

மத்தியான சாப்பாட்டில் இதை அவன் சொன்னபோது மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கிழவிக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு. பிறகு ஒரு சனிக்கிழமை சும்மா தேட ஆரம்பித்து, அந்தத் தேடல் நான்கைந்து வருஷம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.இ. முடித்து இருபது வருஷமாகக் கோட் எழுதிப் பிழைப்பவன். அதனால் நான் பார்ப்பதில் ஒரு டேட்டாபேஸ் வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தா சொன்ன ரேகை, குற்றப் பழங்குடிகள் சட்டம். மதுரைப் பக்கம் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். 1871இல் முதலில் வந்தபோது வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப் ஆகிய இடங்களுக்கு மட்டும்தான். சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911ஆம் வருடத்துத் திருத்திய சட்டத்தில். அதன் அடிப்படை வாதம் எளிமையானது. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. தொழில் சாதி வழியாக இறங்குகிறது. அப்படியென்றால் திருட்டையே தொழிலாகக் கொண்ட சாதியும் இருக்கத்தான் வேண்டும், அதில் பிறக்கிறவன் திருடனாகத்தான் இருப்பான். சட்டசபையில் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து ஏற்றுக்கொண்ட தர்க்கம் இது.

சட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் என் தொழில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு சாதியை அல்லது கூட்டத்தைக் குற்றப் பழங்குடி என்று மாகாண அரசு கெஜட்டில் அறிவிக்கலாம். அறிவித்ததும் மாவட்ட மாஜிஸ்திரேட் அவர்களுக்கு ஒரு பதிவேடு திறப்பார். பதிவேட்டில் ஏறியவர்களிடம் கைரேகை எடுக்கலாம். குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்க வைக்கலாம். வீட்டை விட்டு எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வைக்கலாம். குறிப்பிட்ட எல்லைக்குள் அடைக்கலாம். குடியிருப்பு ஒன்றில் கொண்டுபோய் வைக்கலாம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு பள்ளியில் சேர்க்கலாம். இத்தனைக்கும் அந்த ஆள் மீது ஒரு வழக்குகூட இருக்கவேண்டிய அவசியம் இல்லை. என் பெயரைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று புகார் செய்ய வழி உண்டு. யாரிடம்? அதே மாஜிஸ்திரேட்டிடம். சாதியை அறிவித்த அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்பதையும் சட்டமே எழுதி வைத்துவிட்டது. உள்ளே ஏற்ற ஒரே ஒரு தகவல் போதும், பிறப்பு. வெளியே எடுக்க வழியே வைக்காமல் எழுதின புரோகிராம்.

கைரேகை பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து விரல் ரேகையைக் காகிதத்தில் எடுத்துவிடலாம், சரி. ஆயிரக்கணக்கான காகிதங்களில் ஒருவனுடையதை எப்படித் தேடி எடுப்பது? கம்ப்யூட்டர் இல்லாத காலம். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியபோது இதைத் தீர்த்தது வங்காளப் போலீசில் வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு பேர். விரல்களை இரண்டிரண்டாக ஐந்து ஜோடியாகப் பிரித்தார்கள். விரலில் சுழி இருந்தால் முதல் ஜோடிக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லையென்றால் பூஜ்யம். ஜோடியில் ஒரு விரல் மேல் எண்ணுக்கு, இன்னொன்று கீழ் எண்ணுக்கு. ஆக மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, மொத்தம் 1024 அறைகள். படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பச்சையான பைனரி! பத்து பிட்டில் ஒரு ஹாஷ் டேபிள், மர அலமாரியில். இன்று உலகம் அதை ஹென்றி முறை என்று சொல்கிறது. ஹென்றி அவர்களுடைய மேலதிகாரி, பிறகு லண்டன் போலீசுக்கே தலைவர் ஆனவர். ஹக்குக்கு கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தன. பெயர் ஹென்றியிடம்தான் இருக்கிறது.

அந்த அலமாரி இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தை இவ்வளவு பேர் மீது வைத்து ஓட்டியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம். சரி, மதுரைக்கு வருவோம்.

மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்கள் வாழும் பகுதியை எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம் என்பார்கள். மானாவாரி நிலம். மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் காவல் பார்ப்பது இவர்களில் பலருக்குப் பிழைப்பு. காவல் பார்த்தால் அறுவடையில் பங்கு. காவலுக்கு ஆள் வைக்காத ஊரில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். இதை மழுப்பத் தேவையில்லை. களவும் இருந்தது, காவலும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் கோடு எப்போதும் தெளிவாக இருக்கவில்லை. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் பணம் வசூலித்துக் கள்ளர் காவலைத் துரத்த ஓர் இயக்கமே நடத்தினார்கள். அதற்குப் பெயர் 'பண்டு'. ஆங்கிலத்து ஃபண்டுதான் தமிழில் பண்டு ஆகிவிட்டது. அதிகாரிகள் இதைத் தடுக்க ஒன்றும் அவசரப்படவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வைத்தாயிற்று, இனி ஊர்க் காவல் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். பிழைப்பில் ஒரு பாதி போனால் மிச்சம் இருக்கிற பாதி என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

கொறவர்கள் கதையும் இப்படித்தான். மாட்டின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்தவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசாங்கத்தின் கையில் இருந்தது, காட்டுச் சட்டங்கள் மேய்ச்சலை அடைத்தன. வியாபாரம் செத்த பிறகு, காரணமில்லாமல் அலைகிறார்கள் என்று அதே அலைச்சலைக் காட்டிப் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

மதுரைப் பக்கம் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது முதலில் அறிவிப்பு. 1918க்குள் மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர் மொத்தமும் உள்ளே வந்துவிட்டார்கள். விவசாயம் மட்டுமே பார்த்தவன், பட்டாளத்துக்குப் போய் வந்தவன், யாராக இருந்தாலும் ஒரே பதிவேடு. நிலபுலன் உள்ள சில குடும்பங்கள் மேலே பேசி விலக்கு வாங்கிக்கொண்டதும் உண்டு. ஒரே சாதிக்குள்ளும் காசு தன் வேலையைச் செய்திருக்கிறது.

உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூர் என்று ஓர் ஊர். நாங்கள் உழுது பிழைக்கிறோம், எங்களை ஏற்றாதீர்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் மனுப் போட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 காலையில் போலீஸ் படை ஊருக்குள் வந்தது. கூட்டம் கூடியது, துப்பாக்கிச்சூடு நடந்தது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலம் வரை நடத்திக்கொண்டு போனதையும் அங்கே இன்னும் சொல்கிறார்கள். அவர்களுக்காக நின்றவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப், கேரளத்துச் செங்கன்னூர்க்காரர். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம். அதனால் ரோசாப்பூ துரை. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. ஊரில் பதினாறு பேர் பெயரோடும் நினைவுத்தூண் இருக்கிறது. நான் போயிருந்தது ஒரு மே மாத மத்தியானம். தூணருகே ஆடு கட்டியிருந்த பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். ஊர் தேனிப் பக்கம். "ஓ" என்றார், அவ்வளவுதான். அந்த ஓவை அன்று நான் கவனிக்கவில்லை.

துப்பாக்கிச்சூடு ஒரு நாள். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் தினசரி நடந்தது வேறு. வயது வந்த ஆண்கள் ராத்திரி சாவடியிலோ ஸ்டேஷனிலோ படுக்கவேண்டும். இரவு பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை என்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவனும் அங்கேதான். வெளியூர் போகவேண்டுமென்றால் கையில் ராதாரிச் சீட்டு இருக்கவேண்டும். துஷ்டிக்குப் போவதானாலும் சரி, பெண் பார்க்கப் போவதானாலும் சரி. யார், எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று எழுதிக் கொடுப்பது கிராம முன்சீப். போன ஊரில் அந்த ஊர் முன்சீப்பிடம் காட்டவேண்டும்.

கிராம முன்சீப் என்று படித்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயர் முன்சீப் வீடு. அம்மாவின் தாத்தா முன்சீப். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்று இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சின்ன வயதில் அம்மா சொல்லிக் கேட்ட கதைகளில் ஒன்று: "ராத்திரி எட்டு மணியானா நம்ம வீட்டுத் திண்ணையில ஆளுங்க வந்து நிப்பாங்களாம். தாத்தா சாப்பிட்டு எந்திரிச்சு வர்ற வரைக்கும் உக்காரக்கூட மாட்டாங்களாம். அவ்வளவு மரியாதை." இதை நான் என் மகளுக்கே சொல்லியிருக்கிறேன், பெருமையாக. எதற்காக வந்து நின்றார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. சீட்டு வாங்கத்தான் நின்றிருக்கிறார்கள்.

நாலு வருஷமாகத் தூரத்து அதிகாரிகளின் கதை என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தது திடீரென்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் முன்சீப் வேலையைப் பற்றித் தேடினேன். 1895இல் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. முன்சீப் செத்தால் வேலை யாருக்கு? கடைசியாக அந்தப் பதவியில் இருந்தவரின் குடும்பத்துக்கு. மகன் மைனர் என்றால் அவன் வளரும் வரை வேறொருவர் பார்த்துக்கொள்வார், பதவி காத்திருக்கும். தாத்தாவுக்கு அப்படித்தான் வந்தது. பரீட்சை எழுதி வரவில்லை. எங்கள் வீட்டில் "தாத்தா அந்தக் காலத்திலயே கவர்மென்ட்டு வேலை" என்று சொல்லும்போது இந்த விவரம் வராது.

இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1895 சட்டம் எங்கள் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பேனாவைக் கொடுக்கிறது. 1911 சட்டம் அப்பத்தா குடும்பத்தில் பிறந்தவனுடைய விரலில் மையைத் தடவுகிறது. அடியில் ஓடும் அனுமானம் ஒன்றேதான்: தகப்பன் என்னவோ மகனும் அதுவே. அதனால்தான், எங்க குடும்பம் உழைச்சு முன்னுக்கு வந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது முழுசாகச் சொல்ல முடியவில்லை. உழைத்தார்கள், பொய் இல்லை. தாத்தாவின் மகன் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். எந்த ராத்திரியும் எங்கேயும் போய் வர யாரிடமும் சீட்டு வாங்கவில்லை. அதே வயதில் எட்டு நாட்டில் இருந்த ஒருவன் மதுரைக்கு ஒரு பரீட்சை எழுதப் போவதென்றால் என்ன செய்திருப்பான்? திண்ணையில் நின்றிருப்பான்.

பரம்பரைப் பதவி முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆந்திராவில் தெனாலிப் பக்கத்து ஒரு கிராம முன்சீப் வேலை சம்பந்தமான வழக்கு அது. தமிழ்நாட்டில் முன்சீப், கர்ணம் பதவிகளை மொத்தமாக எடுத்தது 1980இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். ரேகைச் சட்டம் அதற்கு முன்பே போய்விட்டது. முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் வருஷக்கணக்கில் போராடி, சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்து. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பெயரில் ஒரு துண்டு மட்டும் தொடர்ந்தது. சட்டம் போட்ட காலத்தில் திருத்தத்துக்காக ஆரம்பித்த கள்ளர் பள்ளிகளில் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் தலைமுறைகள் படித்து வந்தன. நண்பனும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான். அவனுடைய சாதிச் சான்றிதழில் உள்ள சீர்மரபினர் என்ற சொல் அந்தப் பழைய பதிவேட்டின் தழும்பு. கல்லூரியில் கூடப் படித்தவர்கள், "உனக்கென்னப்பா, கோட்டா இருக்கு" என்பார்களாம். எனக்கு 1895இலிருந்து இருந்த கோட்டாவை யாரும் சொல்லிக்காட்டியதில்லை, ஏனென்றால் அதற்குச் சான்றிதழ் கிடையாது.

இத்தோடு முடித்தால் கதை எனக்கு வசதியாக முடிந்துவிடும். நான் குற்றவாளி, அவன் பாதிக்கப்பட்டவன், சுபம். நண்பனே விடவில்லை. இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "பாப்பாபட்டியையும் எழுது மாப்ள, இல்லைன்னா எழுதாத" என்றான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சிகள். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால் பொம்மையாக ஒருவர் நின்று, ஜெயித்து, உடனே ராஜினாமா. தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று நின்றவர்கள் பிறமலைக் கள்ளர்கள். பெருங்காமநல்லூருக்கு மாலை போடுகிற அதே வட்டாரம். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

நண்பன் சொன்னான்: "எங்க தாத்தா சாவடியில படுத்தாரு, சரி. அந்தச் சாவடிக்குள்ள காலனி ஆளை விட்டாங்களா? அதை அப்பத்தா கதையில சொல்லாது." ரேகைப் பதிவேட்டில் அடியில் இருந்த வீடு, ஊருக்குள் இருந்த இன்னொரு பதிவேட்டில் மேலே இருந்திருக்கிறது. அந்த இரண்டாவது பதிவேட்டை எந்த மாஜிஸ்திரேட்டும் திறக்கவில்லை. எழுதி வைக்காததால் அதை ரத்து செய்ய ஒரு தேதியும் கிடையாது. என் தாத்தா பெயர் இரண்டிலுமே மேலே. சீட்டு எழுதிக் கொடுத்த திண்ணையில் காலனி ஆட்கள் ஏறி நின்றதாக அம்மா கதையில் வரவே இல்லை. அவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்தால், தெருவுக்கு இந்தப்பக்கம்கூட இல்லை.

அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டது. நான் நேரில் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மேஜையில் சிரித்தது மட்டும் பாக்கி. நண்பனிடம் எங்கள் வீட்டு விஷயத்தை இந்த மாதம்தான் சொன்னேன். ஒரு காபி முழுக்கக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு கேட்டான், "சீட்டுக்குக் காசு வாங்குவாராடா?"

தெரியவில்லை என்றேன். அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"காசெல்லாம் வாங்க மாட்டாரு, தாத்தா அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்றாள் அம்மா. "அவங்களா பிரியப்பட்டு ஏதாச்சும் கொண்டாந்து வைப்பாங்க. கோழி, கம்பு, தேன். வேண்டாம்னாலும் கேக்க மாட்டாங்களாம்."

"அவங்க பேரு யாராச்சும் ஞாபகம் இருக்காம்மா?"

"பேரெல்லாம் யாருக்குப்பா தெரியும். தாத்தா நோட்டுல எழுதியிருப்பாரு."